கீழ்த்தாடை எலும்புல ஆஸ்டியோசார்கோமா (எலும்புப் புற்றுநோய்): ரெண்டு பயாப்ஸி ரெண்டு விதமா சொல்லுது, எதை நம்பறது?

கார்த்திகைப்பூ:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கோங்க, மண்டை குழம்பிப் போய்தான் எழுதறேன்.

என் தங்கச்சிக்கு 33 வயசு. கீழ்த்தாடைல வலது பக்கம் கடைவாய்ப் பல்லு ஆட ஆரம்பிச்சுது. சொத்தை இல்ல, ஈறுல ரத்தம் வரல, பல்லு மட்டும் ஆடுது. பல் டாக்டர் ஈறு நோய்னு சொல்லி சுத்தம் பண்ணி விட்டார், அப்புறமும் நிக்கலன்னு பிடுங்கிட்டார். பிடுங்கின குழி ஆறவே இல்ல, உள்ளேருந்து சதை மாதிரி ஒண்ணு வளர்ந்து வந்துச்சு, அதுக்கு ஆன்டிபயாடிக் மேல ஆன்டிபயாடிக். நடுவுல கீழ் உதடும் மோவாயும் மரத்துக் கிடக்குன்னு சொன்னா, பிடுங்கும்போது போட்ட ஊசியாலதான்னு சொல்லிட்டாங்க. ஊசி மரப்பு வாரக்கணக்குலயா இருக்கும்?

அப்புறம் வேற ஒருத்தர் ஓபிஜி எக்ஸ்ரே (தாடை முழுசும் தெரியற எக்ஸ்ரே) எடுத்துப் பாத்துட்டு உடனே பயாப்ஸி (துண்டு எடுத்துப் பாக்கற டெஸ்ட்) எடுக்கச் சொன்னார். முதல் ரிப்போர்ட் "ஃபைப்ரோ ஆஸியஸ் லீஷன், ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவா இருக்கலாம்"னு வந்துச்சு. கேன்சர் இல்லன்னு நாங்க எல்லாரும் மூச்சு விட்டோம். ஆனா வீக்கம் ஏறிக்கிட்டே போச்சு. திரும்ப ஆழமா எடுத்து வேற லேப்ல குடுத்தா "ஹை கிரேடு ஆஸ்டியோசார்கோமா, காண்ட்ரோபிளாஸ்டிக் டைப்"ங்கறாங்க, ஹை கிரேடுன்னா முரட்டு ரகமாம்.

இப்ப என் சந்தேகம், ரெண்டுல எது சரி? ஒரு சர்ஜன் நாள் கடத்தாதீங்க அடுத்த வாரமே தாடைய எடுத்துடலாம்னு சொல்றார், கீமோ டாக்டர் முதல்ல கீமோ அப்புறம்தான் ஆபரேஷன்னு சொல்றார். தாடை எலும்ப எடுத்துட்டா முகம் எப்படி இருக்கும், சாப்பிட முடியுமா, பேச முடியுமா? அவ என்கிட்ட கேக்கறது இதை மட்டும்தான், எனக்கு பதில் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

ஊர்க்குருவி:

கத்தி பட்டாலே கேன்சர் பரவிடும்னு சொல்வாங்க சகோ, ரெண்டு தடவ பயாப்ஸி எடுத்ததே தப்பு. இனிமே கத்தி வைக்க விடாதீங்க, மூலிகை வைத்தியத்துல கட்டிய கரைச்சிடலாம், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு, வேணும்னா தனியா மெசேஜ் பண்ணுங்க.

---

கடைவாய்_சர்ஜன்:

முதல்ல மேல சொன்னதுக்கு ஒரு வரி. பயாப்ஸி எடுக்காம இந்த நோய்க்கு உலகத்துல எங்கயும் வைத்தியம் ஆரம்பிக்க மாட்டாங்க. பயாப்ஸி எடுத்த தடத்துல கேன்சர் செல் ஒட்டிக்கிட்டு இருக்க வாய்ப்பு உண்டுங்கறது வாஸ்தவம், அதனாலதான் ஆபரேஷன் பண்ணப் போற டீமே பயாப்ஸியும் எடுக்கணும்னு சொல்றது. பெரிய ஆபரேஷன்ல அந்தத் தடத்தையும் சேத்து வெட்டி எடுத்துடுவாங்க, அவ்வளவுதான் விஷயம். எலும்புக்குள்ள வளர்ற சார்கோமா மூலிகைல கரையாது. ஊர்க்குருவி, கோவிச்சுக்காதீங்க, இந்த மாதிரி பேச்ச நம்பி மாசக்கணக்குல காலம் கடத்திட்டு நுரையீரல்ல பரவின பிறகு வர்றவங்களப் பாத்திருக்கேன்.

இப்ப கார்த்திகைப்பூ, உங்க கேள்விக்கு வர்றேன். நான் வாய், முக அறுவை சிகிச்சை பண்றவன், ஆனா உங்க தங்கச்சியப் பாக்காம எதையும் அடிச்சு சொல்ல முடியாது, பொதுவா சொல்றேன்.

நீங்க சொன்ன கதை பாடப் புத்தகத்துல இருக்கற கதைங்க. ஈறு நல்லா இருக்கறப்ப ஒரே இடத்துல பல்லு ஆடறது, பிடுங்கின குழி ஆறாம சதை வளர்றது, உதடு மரத்துப் போறது. இதுல கடைசிதான் பெரிய மணி. கீழ்த்தாடை எலும்புக்குள்ள ஒரு நரம்பு ஓடுது, அதுதான் கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி குடுக்குது. கட்டி அந்த நரம்ப அமுக்கினாலோ உள்ள புகுந்தாலோ மரத்துப் போகும். காரணமே தெரியாம மோவாய் மரத்துப் போச்சுன்னா, வேற காரணம் நிரூபணம் ஆகற வரைக்கும் எலும்புல கேன்சர் இருக்கான்னு தேடணும். அது தாடைலயே பொறந்த கேன்சரா இருக்கலாம், மார்பகம், நுரையீரல், புரோஸ்டேட், கிட்னி இப்படி வேற எடத்துலேருந்து வந்து உக்காந்ததாவும் இருக்கலாம்.

ஓபிஜில அவர் என்னத்தப் பாத்து உஷாரானார்னு யூகிக்க முடியுது. பல் வேருக்கும் எலும்புக்கும் நடுவுல முடி மாதிரி ஒரு மெல்லிசான கருப்புக் கோடு தெரியும். இந்த நோய்ல ஒண்ணு ரெண்டு பல்லச் சுத்தி மட்டும் அந்தக் கோடு ஒரே சீரா அகலமாகும், கட்டியே கண்ணுக்குத் தெரியாத ஆரம்ப கட்டத்துல கூட. கேரிங்டன் சைன்னு பேரு. எலும்புக்கு வெளியே சூரியக் கதிர் மாதிரி கோடு கோடா தெரியறது பிரபலமான அடையாளம், ஆனா எல்லாருக்கும் அது வராது.

ரெண்டு ரிப்போர்ட் விஷயம். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு இந்த நோய்ல சொல்லவே முடியாது. ஒரே கட்டிக்குள்ள ஒரு ஓரத்துல சாதுவான எலும்பு மாதிரி இருக்கும், அரை இன்ச் தள்ளி முரட்டு செல் இருக்கும். மேலாப்புல சின்னத் துண்டு எடுத்தா புதுசா உருவாகற எலும்புன்னோ ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியான்னோதான் படிக்க முடியும். முதல் லேப்காரர் கண்ணு தப்புன்னு அவசரப்பட்டு சொல்லிட வேணாம், அவர் கைக்கு வந்த துண்டுல அதுதான் இருந்திருக்கும். அதனாலதான் பேத்தாலஜி பாக்கறவர் ஸ்லைட மட்டும் பாத்து முடிவு பண்ணக்கூடாது, பக்கத்துல எக்ஸ்ரேயும் சிடியும் இருக்கணும். ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா நரம்ப மரக்க வைக்கறதும், எலும்போட வெளிச் சுவர உடைச்சுக்கிட்டு வெளிய வர்றதும் ரொம்ப அபூர்வம். அதனால உங்க கதைக்கு ரெண்டாவது ரிப்போர்ட்தான் பொருந்துது.

இருந்தாலும் அதோட நிறுத்தாதீங்க. ரெண்டு பயாப்ஸியோட ஸ்லைடும், பாரஃபின் பிளாக்கும் (மெழுகுல பதிச்சு வச்சிருக்கற துண்டு) லேப்ல கேட்டு வாங்குங்க, தர மாட்டோம்னு சொன்னா எழுதிக் குடுத்துக் கேளுங்க. எலும்பு சார்கோமா வழக்கமா படிக்கற பேத்தாலஜிஸ்ட் இருக்கற பெரிய கேன்சர் சென்டர்ல ரிவ்யூ பண்ணச் சொல்லுங்க. காண்ட்ரோபிளாஸ்டிக்னா குருத்தெலும்பு மாதிரி நிறைய உருவாக்கற ரகம், தாடைல இந்த ரகம் அதிகமாவே வரும், இதையே சில பேர் காண்ட்ரோசார்கோமான்னு படிச்சிடுவாங்க. அது வேற நோய், அதுக்கு கீமோ பெருசா வேலை செய்யாது. பேரு மாறினா வைத்தியமே மாறிடும். சந்தேகம் இருந்தா எம்டிஎம்2, ஐடிஹெச் மாதிரி ஜீன் டெஸ்ட் பண்ணுவாங்க. அதுக்கு ஒரு சிக்கல், எலும்புத் துண்ட மெல்லிசா சீவ முதல்ல கால்சியத்த கரைக்கணும், அத கடுமையான ஆசிட்ல கரைச்சா ஜீன் கெட்டுப் போகும், இடிடிஏங்கற மிதமான கரைசல்ல மெதுவா கரைச்சாதான் டெஸ்ட் சரியா வரும். ரிப்போர்ட் ஏன் இத்தன நாள் ஆகுதுன்னு எல்லாரும் சண்ட போடறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்கேன்ல முகத்துக்கு கான்ட்ராஸ்ட் சிடி, மஜ்ஜைக்குள்ள எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு பாக்க எம்ஆர்ஐ, நுரையீரலுக்கு சிடி, உடம்பு முழுக்க பெட் சிடி இல்லன்னா போன் ஸ்கேன். எம்ஆர்ஐய பயாப்ஸிக்கு முன்னாடி எடுத்திருந்தா இன்னும் தெளிவா இருந்திருக்கும், இப்பவும் எடுக்கத்தான் வேணும், எங்க வெட்டணும்ங்கற கோட்ட அதுதான் சொல்லும்.

ஒரு நல்ல விஷயமும் சொல்லிடறேன். கை கால் எலும்புல வர்ற ஆஸ்டியோசார்கோமா பெரும்பாலும் வளர்ற பசங்களுக்கு வரும், நுரையீரலுக்கு சீக்கிரம் ஓடும். தாடைல வர்றது பெரும்பாலும் முப்பது, நாப்பது வயசுக்காரங்களுக்கு, தூரமா பரவறது அத விடக் குறைவு. இங்க உயிருக்கு ஆபத்தே அதே இடத்துல திரும்ப வர்றதுதான். அதனால சுத்தி நல்ல எலும்பும் நல்ல சதையும் விளிம்பா வச்சு முழுசா எடுக்கறதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். முதல் ஆபரேஷன்தான் நல்ல வாய்ப்பு, சுரண்டி எடுக்கறேன், கொஞ்சமா எடுத்துப் பாக்கறேன்னு யாராவது சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

---

வார்டு_சிஸ்டர்:

டாக்டர் நல்லா சொல்லிட்டார். நான் கேன்சர் வார்டுல நர்ஸ், கீமோ பக்கம் மட்டும் சொல்றேன்.

ஆபரேஷன் முதல்லயா கீமோ முதல்லயாங்கறதுல டாக்டருங்க நடுவுலயே சண்ட உண்டுமா, உங்கள யாரோ ஏமாத்தறாங்கன்னு நினைக்காதீங்க. கை கால்ல வர்றதுக்கு கீமோ கண்டிப்பா வேணும்னு நிரூபணம் ஆயிடுச்சு, தாடைல வர்றது அபூர்வம்ங்கறதால அந்த அளவுக்குப் பெரிய ஆராய்ச்சி இல்ல. சுத்தமா எடுத்துட முடியும்னா முதல்ல ஆபரேஷன் பண்றவங்களும் இருக்காங்க, ஹை கிரேடுன்னா கீமோ குடுத்துட்டுதான் தொடுவோம்ங்கறவங்களும் இருக்காங்க. ரெண்டுக்கும் நியாயம் இருக்கு. இந்த முடிவ தனித்தனி ரூம்ல தனித்தனி டாக்டர் எடுக்கக்கூடாது. சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர், பேத்தாலஜி, ஸ்கேன் பாக்கறவர் எல்லாரும் ஒரே மேஜைல உக்காந்து பேசற டியூமர் போர்டு இருக்கற இடத்துக்குப் போங்க. ஒரு ரெண்டு வாரம் அதுக்காக ஆனா பரவால்ல.

கீமோன்னா பெரும்பாலும் மேப்னு சொல்வாங்க, மெத்தோட்ரெக்சேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் மூணும். வயசு ஏற ஏற மெத்தோட்ரெக்சேட்ட தாங்கறது கஷ்டம், அதனால பெரியவங்களுக்கு மத்த ரெண்ட மட்டும் குடுக்கறதும் உண்டு, ஐஃபோஸ்ஃபமைடு சேக்கறதும் உண்டு. முப்பத்து மூணு வயசுக்கு எதுன்னு அவங்கதான் கிட்னி, இதயம் எல்லாம் பாத்து முடிவு பண்ணணும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கணும், ஏன்னா டாக்ஸோரூபிசின் இதயத்தத் தொடும். காது டெஸ்ட் எடுக்கணும், சிஸ்பிளாட்டின் காத மந்தமாக்கும், அது திரும்பி வராது. காதுல இரைச்சல் கேக்குதுன்னா அன்னிக்கே சொல்லச் சொல்லுங்க. டாக்ஸோரூபிசின் போட்ட அன்னிக்கு சிறுநீர் சிவப்பா போகும், ரத்தம்னு பயந்துடாதீங்க, மருந்தோட கலர்தான்.

மெத்தோட்ரெக்சேட் பெரிய டோஸ் போட்டா நாங்க தூங்க மாட்டோம்னே சொல்லலாம். மருந்து ஏத்தின மறுநாள்லேருந்து லியூக்கோவோரின் மாத்து மருந்து மணி பிசகாம போடணும், தினமும் ரத்தத்துல மருந்து அளவு பாக்கணும், பாதுகாப்பான அளவுக்கு இறங்கற வரைக்கும் வீட்டுக்கு விட மாட்டோம். அந்த நேரத்துல புரூஃபென் மாதிரி வலி மாத்திரை, அசிடிட்டிக்குப் போடற ஒமெப்ரசோல் மாதிரி மாத்திரை எதையும் கேக்காம போடக்கூடாது, மருந்து வெளியேறாம உடம்புலயே தங்கிடும். சாதாரண மாத்திரைதானேன்னு பையிலேருந்து எடுத்துப் போட்டுட்டு சொல்லாம இருக்கறவங்க நிறைய பேர்.

இன்னொண்ணு, இதுக்கு யாரும் நேரம் ஒதுக்கிப் பேச மாட்டாங்க. தங்கச்சிக்கு இனிமே குழந்தை வேணும்னு ஆசை இருந்தா கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கருமுட்டை சேமிக்கறதப் பத்தி கேளுங்க. ஆரம்பிச்ச பிறகு கேட்டு பிரயோஜனம் இல்ல. வெக்கப்படாதீங்க, டாக்டரா எடுத்து சொல்லலன்னா நீங்களே ஆரம்பிங்க.

கீமோல கட்டி சைஸ் குறையலன்னா உடனே உடைஞ்சு போயிடாதீங்க. உள்ள எலும்பும் குருத்தெலும்பும் உருவாகிக் கிடக்கு, செல் செத்தாலும் அந்தக் கூடு சுருங்காது. ஆபரேஷன்ல எடுத்த எலும்ப சீவிப் பாத்து எத்தன சதவீதம் செத்திருக்குன்னு சொல்வாங்க, 90க்கு மேலன்னா நல்ல ரெஸ்பான்ஸ். ஆனா நடுவுல வீக்கமும் வலியும் நெஜமாவே ஏறுதுன்னா அத மறைக்காம சொல்லணும், பிளான மாத்தி சீக்கிரம் ஆபரேஷனுக்குப் போவாங்க.

---

கால்எலும்புத்தாடை:

என் பேரப் பாத்தாலே புரிஞ்சிருக்கும். இடது கீழ்த்தாடை, ஆஸ்டியோசார்கோமா, பாதிக்கு மேல எடுத்தாச்சு, கால்ல இருந்த எலும்பு இப்ப மூஞ்சில இருக்கு. உங்க தங்கச்சி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன், மத்ததெல்லாம் மேல சொல்லிட்டாங்க.

முகம் எப்படி இருக்கும்? வெட்டின இடத்துல சும்மா விட மாட்டாங்க. காலுல முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பு உண்டு, அதுல வெளிப்பக்கம் இருக்கற ஒல்லியான எலும்பு ஃபிபுலா. அத அதோட ரத்தக் குழாயோடயும் மேல இருக்கற தோல் துண்டோடயும் எடுத்து, தாடை வளைவுக்கு ஏத்தாப்புல துண்டு துண்டா வெட்டி, டைட்டானியம் பிளேட்ல ஸ்க்ரூ அடிச்சு, கழுத்துல இருக்கற ரத்தக் குழாயோட மைக்ரோஸ்கோப் வச்சு தையல் போடுவாங்க. 1989லயே ஹிடால்கோங்கற சர்ஜன் தாடைக்கு இத பண்ணிக் காட்டிட்டார், இப்ப இதுதான் வழக்கமான முறை. முதல்லயே சிடிய வச்சு கம்ப்யூட்டர்ல பிளான் போட்டு, எங்க வெட்டணும்னு 3டி பிரிண்ட்ல அச்சு எடுத்து வச்சுக்கறாங்க. அதுக்கு முன்னாடி கால்ல சிடி ஆஞ்சியோ எடுப்பாங்க. சில பேருக்குப் பாதத்துக்குப் போற ரத்தமே அந்த ஃபிபுலா பக்கக் குழாயிலதான் போகும், அவங்களுக்கு அந்தக் காலத் தொடக்கூடாது. கணுக்கால் ஆடாம இருக்க கீழ ஒரு ஆறேழு சென்டிமீட்டர விட்டுட்டுதான் எடுப்பாங்க.

ஆபரேஷன் நாள் முழுக்க ஓடும். முழிச்சப்ப தொண்டைல ஓட்டை போட்டு டியூப், மூக்குல சாப்பாட்டு டியூப், கால்ல கட்டு, பேச முடியாது. அத முன்னாடியே தங்கச்சிகிட்ட சொல்லி வைங்க, சொல்லாம விட்டா முழிச்ச உடனே பயந்துடுவா. ஒரு சின்ன எழுது பலகை கொண்டு போங்க. ராத்திரி பகல் பாக்காம மணிக்கு ஒரு தடவ சிஸ்டர் வந்து வாய்க்குள்ள டார்ச் அடிச்சு, ஒட்ட வச்ச தோல் துண்டு கலர் பாப்பாங்க, ஊசி முனையால லேசா குத்துவாங்க, செக்கச் செவேல்னு ரத்தம் மொட்டு விட்டா நல்லது. கருநீலமா வந்தா ரத்தம் தேங்குதுன்னு அர்த்தம், உடனே திரும்ப தியேட்டர். தூக்கம் போகுதேன்னு எனக்கு எரிச்சலா வரும், ஆனா அந்த முதல் ரெண்டு மூணு நாள்தான் ஒட்டினது பிழைக்குமான்னு தீர்மானிக்கற நாள். அது தாண்டிட்டா தொண்டை டியூப சாதாரணமா கழட்டிடுவாங்க, ஓட்டை தானா மூடிக்கும்.

நேரா பாத்தா வீக்கம் வடியறதுக்கே மாசக்கணக்காகும். அதுக்குள்ள கண்ணாடி முன்னாடி நின்னு முடிவு எடுக்காதீங்க. எனக்கு இப்ப தாடைக்குக் கீழ ஒரு தழும்புக் கோடு, ஒரு பக்கம் கொஞ்சம் தட்டை, தெரியாதவங்க கண்டுபிடிக்க மாட்டாங்க, ஃபோட்டோல எனக்கு மட்டும் தெரியும். உதடு மரப்பு போகல, அது போகாது, நரம்பையும் சேத்துதான் எடுக்கறாங்க. சாப்பிடும்போது வாயோரம் வழிஞ்சா தெரியாது, கைல எப்பவும் ஒரு கர்சீப். சூடா எதையும் நேரா உதட்டுல வைக்கக்கூடாது, சுட்டது கூடத் தெரியாம கொப்புளம் வந்துடும்.

பேச்சு திரும்பிடும். நாக்கத் தொடாம எடுத்திருந்தா நல்லாவே திரும்பும். சாப்பாடு முதல்ல தண்ணியா, அப்புறம் கூழா, அப்புறம் மெதுவா. வாய் திறக்கற பயிற்சிய விட்டுடாதீங்க, வலிக்குதுன்னு விட்டா வாய் ரெண்டு விரல் கூட நுழையாம இறுகிப் போகும், எலும்பு ஓரத்துல கேன்சர் மிச்சம்னு ரேடியேஷன் குடுத்தாங்கன்னா இன்னும் இறுகும். கால் எலும்புலயே இம்ப்ளான்ட் அடிச்சுப் பல்லு வைக்கலாம், எல்லாருக்கும் முடியாது, அவசரமும் இல்ல. நடக்கறதுல குறை இல்ல, கால் கட்டைவிரல மேல தூக்கறதுதான் இன்னும் சோம்பேறியா இருக்கு.

---

கார்த்திகைப்பூ:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, அண்ணா உங்க பதிவ அப்படியே அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசல, அப்புறம் "எழுது பலகை வாங்கிடு"ன்னு மட்டும் சொன்னா.

அப்டேட். ஸ்லைட் ரிவ்யூ வந்துடுச்சு, ஹை கிரேடு காண்ட்ரோபிளாஸ்டிக் ஆஸ்டியோசார்கோமாதான், முதல் பயாப்ஸித் துண்டு கட்டியோட ஓரத்துலேருந்து வந்திருக்குன்னு எழுதியிருக்காங்க. நுரையீரல் சிடில ஒண்ணும் இல்ல. டியூமர் போர்டுல முதல்ல கீமோ, அப்புறம் ஆபரேஷன்னு முடிவாயிருக்கு, அடுத்த வாரம் வேலையே செய்யலன்னு தெரிஞ்சா சர்ஜன் உடனே எடுத்துடுவாராம். கருமுட்டை டாக்டரப் பாக்கவும் அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு, சிஸ்டர் நீங்க சொல்லலன்னா எங்களுக்கு அது தோணியே இருக்காது.

இப்ப ஒரு சந்தேகம். கட்டிக்குப் பக்கத்துல இன்னொரு பல்லு நல்லா ஆடுது, கடிக்கும்போது வலிக்குது. கீமோக்கு முன்னாடி அத பிடுங்கிட்டா நல்லதுதானே? இன்னொண்ணு, கழுத்துல நெறிகட்டி எல்லாத்தையும் எடுப்பாங்களா?

---

கடைவாய்_சர்ஜன்:

வேணவே வேணாம். கட்டிக்குள்ள நிக்கற பல்லு, அது ஆபரேஷன்ல எலும்போட சேந்து வெளிய வந்துடும். இப்ப பிடுங்கினா குழி வழியா கட்டி வாய்க்குள்ள வளரும், ரத்தம் நிக்காது, முதல் பல்லுல நடந்ததுதான் திரும்ப நடக்கும். கீமோல வெள்ளை அணு இறங்கறப்ப அந்தக் குழி இன்ஃபெக்ஷன் ஆனா கீமோவே தள்ளிப் போகும். வலிக்கு மாத்திரை கேளுங்க, அந்தப் பக்கம் கடிக்க வேணாம். பல்லு விழுந்துடற மாதிரி ஆடுதுன்னா பக்கத்துப் பல்லோட கம்பி கட்டி விடச் சொல்லலாம். கட்டிக்கு தூரமா வேற எடத்துல சொத்தை, சீழ் இருந்தா மட்டும் கீமோவுக்கு முன்னாடியே, புண் ஆற டைம் விட்டு, சரி பண்ணிடுங்க.

கழுத்து நெறிகட்டி, சாதாரண வாய்ப் புற்றுநோய்ல எடுக்கற மாதிரி இதுல வழக்கமா எடுக்கறதில்ல. இந்த நோய் ரத்தம் வழியாதான் பரவும், நெறிகட்டிக்குப் போறது அபூர்வம். ஸ்கேன்ல சந்தேகமா ஏதாவது தெரிஞ்சா மட்டும் எடுப்பாங்க. ஆனா ஃபிபுலா ரத்தக் குழாய ஒட்ட வைக்க கழுத்தத் திறந்துதான் ஆகணும், அதனால கழுத்துல தழும்பு இருக்கும், அத இப்பவே சொல்லி வச்சிடுங்க.

---

வார்டு_சிஸ்டர்:

கார்த்திகைப்பூ, "அடுத்த வாரம் வேலை செய்யலன்னா"ன்னு எழுதியிருக்கீங்க, அது சரியா இருக்காதுமா, ஒரு வாரத்துல கீமோ வேலை செய்யுதான்னு சொல்ல முடியாது. பொதுவா ஆபரேஷனுக்கு முன்னாடி பத்து வாரம் கிட்ட கீமோ ஓடும், நடுவுல ஸ்கேன் எடுத்துப் பாப்பாங்க. சர்ஜன்கிட்ட இத இன்னொரு தடவ தெளிவா கேட்டு, எந்தத் தேதில எந்த ஸ்கேன், எது நடந்தா பிளான் மாறும்னு ஒரு நோட்டுல எழுதி வாங்கிக்கோங்க. கைக்கு லைன் போடறப்ப விரல் பக்கத்து ரத்தக் குழாயில போடச் சொல்லாதீங்க, டாக்ஸோரூபிசின் வெளிய கசிஞ்சா சதைய அரிச்சுடும், போர்ட் (நெஞ்சுத் தோலுக்கு அடில வைக்கறது) இல்லன்னா பிக் லைன் (கை வழியா பெரிய ரத்தக் குழாய் வரைக்கும் போற டியூப்) கேளுங்க. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தொட்டா ராத்திரியானாலும் ஆஸ்பத்திரி, விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது.